கன்னத்தில் இன்னும் ஈரம்

லாகூர் அரண்மனைச் சித்திரக்கூடத்தில் நண்பகல் வெயில் ஜமக்காளத்தில் கிடக்கிறது. கிர்தாரியின் மடியில் ஓர் ஓவியம். கோடு அவனுடையது, இளவரசியின் முகத்தை மட்டும் இளைய ஓவியன் ஷம்சு எழுதியிருக்கிறான். போட்ட கோடுகளை வண்ணம் மூடிவிடும். பார்ப்பவர் கண் முகத்தில்தான் நிற்கும். இனி மெருகேற்ற வேண்டும். ஓவியத்தைப் பளிங்குப் பலகையில் குப்புறப் போட்டு, தாளின் முதுகில் வழவழப்பான கல்லால் தேய்த்தால் வண்ணம் மின்னும். ஈரமிருந்தால் வண்ணம் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். "காய்ஞ்சிருச்சு அண்ணே, தேச்சிருங்க. சாயங்காலம் பாதுஷா பார்க்கணும்," என்று ஷம்சு சிரிக்கிறான். "உங்க கோட்டைத்தான் மூடிட்டேன், மெருகாவது உங்க கையால வரட்டும்." கிர்தாரி ஓவியத்தை வெளிச்சத்தில் சாய்க்கிறான். கன்னம் மட்டும் ஈரத்தில் மினுங்குகிறது. இப்போது தேய்த்தால் முகம் மட்டும் போகும், பழியும் ஷம்சுவுக்கே. கல்லை எடுக்கிறான். அப்போதுதான் கவனிக்கிறான்: தான் தாழ்ந்திருக்கும்படி வரைந்த இளவரசியின் கண்ணை ஷம்சு நிமிர்த்தி, கிளையிலிருக்கும் கிளியைப் பார்க்க வைத்திருக்கிறான். கிளி கிர்தாரி போட்டது. அந்தப் பார்வை பட்டுத்தான் அதற்கு உயிர் வந்திருக்கிறது. "காயலடா, கண்ணு அவிஞ்சா போச்சு? போ அந்தப் பக்கம்!" என்று ஷம்சுவிடம் சீறுகிறான். ஓவியத்தை ஜன்னலோரம் காற்றுப்பட நிமிர்த்தி வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறான்.