சீமைக்குப் போகும் கோட்டு

"சார்வாள், கம்பளியில கத்திரி வச்சா வச்சதுதான். தப்பா வெட்டிட்டா நான் பொறுப்பில்ல, இப்பமே சொல்லிட்டேன்!"

இதைச் சொல்லி முடிப்பதற்குள் டெய்லர் முகம்மது ஹுசைன் இரண்டு தடவை நெற்றியைத் துடைத்துவிட்டார். பாவம், அவர் பயம் அவருக்கு. இருபத்தைந்து வருடமாக அவர் சங்கரன்கோவிலுக்குத் தைத்துக் கொடுத்ததெல்லாம் சட்டை, அரைக்கால் சட்டை, ஜாக்கெட். அதிலும் பெண்களுக்கு டேப் வைக்கிற வழக்கமே அவர் கடையில் கிடையாது. அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பினால் பார்த்துத் தைத்து அனுப்புவார். குளிர் கோட்டு என்ற ஒன்றை ஓய்வுபெற்ற ஒரு ஹவில்தாரின் முதுகில் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

எதிரே கையை விரித்துக்கொண்டு அளவுக்கு நின்றவர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் சத்தியநாதன். ஆசிரியர்களுக்கான கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு அவர் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று கோவில் வாசலிலிருந்து ரயிலடி வரைக்கும் அதே பேச்சு. லண்டனில் ஒரு வருடப் படிப்பு. கப்பல் டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். ஆனால் கம்பளிக் கோட்டு இல்லாதவர்கள் கப்பலேற வேண்டாம் என்று கடிதத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்கள். மதுரையில் கோட்டு விலையைக் கேட்ட வாத்தியார் அடுத்த ரயிலைப் பிடித்துத் திரும்பிவிட்டார். உலகச் சண்டை முடிந்து ஏலத்தில் வந்த பட்டாளத்துக் கம்பளி ஒன்று கிடைத்தது. அது ஒன்றுதான். கெட்டுப்போனால் பயணமும் கெட்டது.

"உயரம் சரி, கை சரி. தோள் பதினெட்டு."

"தோளுக்குப் பதினாறு வைங்க பாய்."

"டேப்பு பதினெட்டுன்னுலா சொல்லுது?"

"டேப்பு சொல்லட்டும். நீங்க பதினாறு வைங்க. கீழ நல்லா அகலமா விடுங்க, உள்ள துணி நிறைய இருக்கும்."

"ஏன், வேட்டிக்கு மேலயா கோட்டுப் போடப் போறீய?"

வாத்தியார் சிரித்துக்கொண்டார். கடிதத்தோடு வந்திருந்த சின்னப் புத்தகத்தைப் பிரித்து ஒரு படத்தைக் காட்டினார். "பட்டன் இந்தா, இப்படி இடது பக்கம் வரணும்."

"நான் தைச்ச சட்டைக்கெல்லாம் வலது பக்கம்லா? சரிதான், சீமையில எல்லாம் தலைகீழ் போலுக்கு. வேற என்ன எழுதியிருக்கான்?"

"சூப்பு சுட்டாலும் ஊதக் கூடாதாம். யார்கிட்டயும் சம்பளம் எவ்வளவுன்னு கேட்கக் கூடாதாம். ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா கோட்டைக் கழட்டி மாட்டிரணுமாம்."

"நாம செருப்பைக் கழட்டுத மாதிரின்னு சொல்லுங்க. அப்பம் காலர்ல மாட்டுததுக்கு ஒரு வளையம் வச்சிருதேன்."

"பொம்பளைங்க கோட்டுப் போடும்போது ஆம்பளைங்க பின்னால நின்னு பிடிச்சிக்கிடணுமாம். அதுதான் மரியாதையாம்."

டெய்லர் சிரித்த சிரிப்பில் காதில் செருகியிருந்த பென்சில் கீழே விழுந்தது. "பொண்டாட்டிக்குச் சட்டை மாட்டி விடுததா! நம்ம ஊர்ல எவனாவது அப்படிச் செஞ்சா வருசம் பூரா சொல்லிச் சிரிப்பாங்க!"

"சிரிச்சிட்டுப் போகட்டும் பாய்."

பென்சிலை எடுத்த டெய்லருக்குச் சட்டென்று மனம் இளகிவிட்டது. வாத்தியாரின் மனைவி இன்பமும் அதே பள்ளிக்கூடத்தில்தான் டீச்சர். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை.

"மூணு வயசுப் பிள்ளை, பள்ளிக்கூடம், அடுப்பு… ஒத்தை ஆளா ஒரு வருசம் சமாளிக்கிறது லேசா சார்வாள்?"

"லேசில்லதான்." சத்தியநாதன் கம்பளியைத் தடவிப் பார்த்தார். "ஆனா பிள்ளையை விட்டுட்டுப் போற ஆளுக்கு அதைவிடக் கஷ்டம். கோட்டாவது கதகதப்பா இருக்கட்டும் பாய்."

அதற்கு மேல் டெய்லர் பயப்படவில்லை. கொழும்பில் தையல் வேலை பார்த்துவிட்டு வந்த மச்சான் ஒருவர் கடையநல்லூரில் இருந்தார். பஸ் ஏறிப் போய் அவரிடம் காலர் வெட்டக் கற்றுக்கொண்டார். நான்கு நாள் வேறு துணியைத் தொடவில்லை. வந்த ஜாக்கெட் துணிகளெல்லாம் மூலையில் கிடந்தன.

பயண நாளும் வந்தது. கடைசிப் பட்டனைக் கட்டி முடித்தபோது ரயிலுக்கு அரை மணிதான் இருந்தது. கோட்டை வெள்ளைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

பிளாட்பாரத்தில் மாலையும் கையுமாகப் பள்ளிக்கூடமே திரண்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனவருக்குத் திக்கென்றது. வாத்தியார் கசங்கிய வேட்டியோடு, தோளில் பிள்ளையைப் போட்டுத் தட்டிக்கொண்டு நிற்கிறார்!

"என்ன சார்வாள், வண்டி வரப் போகுது, இன்னும் வேட்டியோட நிக்கீய! பயணம் உண்டா இல்லையா?"

"கோட்டு வந்துட்டுல்லா? பயணம் உண்டு."

"அப்பம் சட்டுனு போட்டுப் பாருங்க. எங்கயாவது பிடிச்சா இங்கனயே பிரிச்சித் தைச்சிருதேன். ஊசி கொண்டாந்திருக்கேன்."

சத்தியநாதன் பிள்ளையை டெய்லரின் கையில் கொடுத்தார். கோட்டை ஒரு உதறு உதறி, இரண்டு கையாலும் காலரைப் பிடித்து விரித்துக்கொண்டு, புத்தகத்தில் இருந்தபடியே பின்னால் போய் நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்பம் டீச்சர் கைகளை உள்ளே நுழைத்தார். பதினாறு அங்குலத் தோள் அச்சாகப் போய் உட்கார்ந்தது.

"நீங்க பொம்பளைகளுக்கு டேப்பு வைக்க மாட்டீயள்லா பாய்," என்றார் சத்தியநாதன். "நானும் அவளும் ஒரே உயரம். அதான் நான் வந்து நின்னேன்!"