கெங்கம்மா பெண் பார்த்த விதம்

"பொண்ணை நான் தனியா பாக்கணும். மத்தவங்க இங்கியே குந்துங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா கெங்கம்மா எழுந்ததும், புளியந்தோப்பு குடியிருப்பின் அந்தச் சின்ன ஹால் கப்சிப் ஆகிவிட்டது.

ரமாபாய்க்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்பா கிருஷ்ணப்பன் காலையிலிருந்தே தலைப்பாடாய் அடித்துக்கொண்டார். "ஜாக்கெட்டுக்குள்ள கீறது யாருக்குத் தெரியப் போவுது? கண்ணாலம் முடியிற வரைக்கும் வாயைத் தொறக்காத." அவள் கேட்டால்தானே! எல்லோருக்கும் காபியைக் கொடுத்த கையோடு போட்டு உடைத்துவிட்டாள்.

"எனக்கு மார்ல கேன்சர் வந்துச்சு. இடது பக்கம் மொத்தமா எடுத்துட்டாங்க. இப்ப கீறது டாக்டருங்க உள்ள வெச்ச சிலிக்கான். நல்லாத்தான் கீறேன். ஆனா மறைச்சிக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல."

மாப்பிள்ளையின் மாமா செருப்பைத் தேட ஆரம்பித்தார். வள்ளூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை எழிலன் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ரமாபாய்க்கும் அவனைப் பிடித்திருந்தது. அதுதான் வயிற்றெரிச்சலே.

முன்பெல்லாம் பெண்ணை உள்ளே அழைத்துப் போய், சொந்த முடியா சவுரியா என்று பின்னலை இழுத்துப் பார்ப்பார்கள். அந்த வழக்கம் ஒழிந்துவிட்டது என்றுதான் ரமாபாய் நினைத்திருந்தாள். ஒழியவில்லை. முடியிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

அறைக்குள் போனதும் கெங்கம்மா தாழ்ப்பாள் போட்டாள். "காட்டு."

"நான் இன்னா காசிமேட்டு மீனா, செவுளைத் தூக்கிப் பாக்க?"

"கோச்சிக்காம காட்டு."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பார்த்துத் தொலையட்டும் என்று ரமாபாய் ஜாக்கெட் ஊக்குகளைக் கழற்றினாள். கெங்கம்மா குனிந்து தழும்பைப் பார்த்தாள். மெதுவாகத் தொட்டாள்.

"படுத்தா உறுத்தாதா?"

"மொதல்ல உறுத்துச்சு. இப்ப இல்ல."

"கையத் தூக்கு. வலிக்குதா?"

"எங்க வூட்டுல தண்ணிக் கொடம் தூக்குறதே நான்தான்."

"கெட்டுப் போனா?"

"வேற மாத்திக்கலாம்."

"கண்ணாடியில பாக்கசொல்ல பேஜாரா கீதா?"

இதற்கு மட்டும் ரமாபாய் கொஞ்சம் யோசித்தாள். "எடுத்த புதுசுல கண்ணாடி பக்கமே போவ மாட்டேன். இப்ப போறேன். அயகாத்தான் கீறேன்."

சொல்லிவிட்டு ஊக்குகளை வேகமாக மாட்டினாள். "சோதனை முடிஞ்சிதுல்ல? வேணாம்னா இங்கியே சொல்ட்டுப் போங்க. போன் பண்றோம்னு எங்க நைனாவைக் காக்க வெக்காதீங்க."

"வேணாம்னு யாரு சொன்னது? என் புள்ள மூஞ்சியப் பாத்தல்ல, வழிஞ்சிக்கினு கீறான். நீதான் என் மருமவ. அது ஹாலுலயே முடிவாயிடுச்சு."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

கெங்கம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். ஹாலில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"வர்ற வியாயக்கெயம எனக்கும் எடுக்கணும்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. வூட்ல ஒருத்தருக்கும் தெரியாது. செத்தாலும் போவக் கூடாதுன்னுதான் இருந்தேன். இப்ப போலாம்னு தோணுது... நீ கூட வர்றியா, கண்ணு?"