பேச்சிலர்

பரிதியின் மனைவி நித்திலாவின் காரியம் முடிந்த மறுநாளே தெருக்கூட்டம் கூடியது. யார் குடியிருக்கலாம் என்பதைத் தெருவே முடிவு செய்யலாம் என்று சட்டம் வந்ததிலிருந்து, அங்கே குடும்பங்களுக்கு மட்டுமே இடம்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி," என்றார் தலைவர் தில்லைநாயகம். "இப்ப நீங்க பேச்சிலர் கணக்குல வர்றீங்க."

தன்னைத்தான் சொல்கிறார் என்று பரிதிக்கு உடனே புரியவில்லை.

"சொந்த வீடு சார்."

"வீடு உங்களுது. தெரு எங்களுதுல்ல?"

அவனை வெளியேற்றச் சம்மதித்துக் கைகள் உயர்ந்தன. காரியம் வரை தினமும் சோறு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு வசந்தி அக்காவும், அவன் முகத்தைப் பார்க்காமல் கையைத் தூக்கினாள்.

ஓரமாக நின்றிருந்த மாநில அதிகாரி அவனிடம் வந்து கையிலிருந்த தொடுதிரையை நீட்டினாள்.

"தெரு வெளியேத்துன ஒருத்தர் கைரேகை வச்சா போதும் சார். அதிகாரம் அரசாங்கத்துக்கு வந்துடும். தெருவையே இடிச்சுட்டுப் பத்து மாடி கட்டுவோம். அதுல உங்களுக்கும் ஃப்ளாட் உண்டு. தனி ஆளான்னு கேக்க மாட்டோம்."

தில்லைநாயகம் எழுந்துவிட்டார்.

"அவசரப்படாதீங்க தம்பி. பேசித் தீத்துக்கலாம்."

"ஆமாய்யா," என்றாள் வசந்தி அக்கா வேகமாக. "வர்ற தைக்குள்ள ஒரு பொண்ணு பாத்துருவோம். அப்புறம் நீயும் குடும்பம்தானே? அதுவரைக்கும் இங்கயே இரு."

பரிதி கட்டைவிரலைத் திரையில் அழுத்தினான்.

"அடப்பாவி! எங்க வீட்டையும்ல இடிப்பாங்க!"

"ஆமாக்கா," என்றான். "நித்திலா வீட்டையும்தான்."