விசையில் சந்தனம்

"பிஸ்டலுக்கு ஆராவது சந்தனம் பூசுவினமோ அம்மா?"

ரிஷானி போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தினாள்.

பத்மினியும் விடவில்லை. "ஆயுத பூசைக்கு ஆயுதத்தை வைக்காமல் அகப்பையையோ வைக்கிறது? இந்த ஷ்லீரன் ஊர் முழுக்கத் தேடினாலும் எங்கட சனத்தில உண்மையான ஆயுதம் இருக்கிற வீடு இது ஒண்டுதான்!"

"தூசு உறிஞ்சிற மெசினுக்கும்தான் பூசினது. அது இப்ப முந்தியைவிட நல்லா இழுக்குது," என்றார் தயாபரன், பேப்பரை விட்டுத் தலை நிமிராமல்.

"அப்பா, நீங்கள் சும்மா இருங்கோ!"

ரிஷானிக்கு அழுகை வரும் போலிருந்தது. அவள் பிஸ்டல் கிளப்பில் குறி பார்த்துச் சுடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை சூரிச்சில் இறுதிப் போட்டி. கிளப் அணியில் ஒரு இடம் கிடைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இப்போது பார்த்து பிஸ்டலின் விசை கெட்டுப்போனது. வழுக்கிக்கொண்டு போகவேண்டிய விசை, சிரட்டையைச் சீமெந்தில் தேய்த்த மாதிரிச் சொரசொரத்து, பாதியில் நின்று, பிறகு வெடுக்கென்று விட்டது. நேற்று அவள் சுட்ட குண்டு பக்கத்து ஆளின் குறி அட்டையில் போய் நட்ட நடுவில் விழுந்தது. அந்த மனுசன் நன்றி சொன்னான்.

இன்று காலை, சுவிஸ்காரரான கிளப் தலைவர் ஷ்டைனர் பிஸ்டலை வாங்கிப் பார்த்தார். பிடியில் மஞ்சள் கோடு. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார்.

"என்ன இது?"

"சந்தனம். அம்மா பூசையில வைச்சவ."

"பிள்ளை, துவக்குக்கு எண்ணெய்தான் கடவுள். நாளைக்குள்ள விசை சரிவராட்டி உன்ர இடத்தில வேற ஆள்தான் சுடும்."

அந்தக் கோபத்தைத்தான் வீட்டுக்கு வந்து தாயின் மேல் கொட்டினாள்.

மறுநாள் துப்பாக்கி திருத்துகிற கடைக்குப் பத்மினியும் வெளிக்கிட்டாள்.

"நீங்கள் ஏன் அம்மா?"

"நான் பூசின சந்தனம். நான்தானே வந்து மன்னிப்புக் கேக்கவேணும்?"

ட்ராமில் தாய் முன் சீட்டில், மகள் பின் சீட்டில்.

கடையில் ஷ்டைனர் முன்னமே வந்து நின்றார். "விசை சரியோ இல்லையோ எண்டு என்ர கண்ணால பாத்திட்டுத்தான் அணிக்குப் பேர் குடுப்பன்."

திருத்துகிற கிழவர் பிஸ்டலைக் கழற்றி, துணி விரித்துச் சின்னச் சின்னத் துண்டுகளாக வைத்தார். பத்மினி கண்ணை மூடினாள். "அம்மாளாச்சி, எங்கை எண்டாலும் இரு தாயே. அந்தப் பிஸ்டலுக்குள்ள மட்டும் வந்திராதை."

"உள்ளுக்கெல்லாம் மஞ்சளாத்தான் இருக்கும், பாருங்கோ," என்று ஷ்டைனர் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தக் காலத்தில இரும்புக்குப் பொட்டு வைக்கிறதாம்! எங்களிட்ட இந்தப் பழக்கமெல்லாம் இல்லை."

ரிஷானி அதைத் தாய்க்குத் தமிழில் சொல்லவில்லை. ஆனால் சிரிப்பு விளங்க டொச் மொழி படிக்கத் தேவையில்லையே. பத்மினி தலை குனிந்தாள்.

அதைக் கண்டதும் ரிஷானி முன்னுக்கு வந்தாள். "ஷ்டைனர் ஐயா, அம்மா எனக்காகத்தான் கும்பிட்டவ. சிரிக்காதையுங்கோ," என்றாள்.

கிழவர் கண்ணில் இருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சந்தனம் பிடியோட நிண்டிட்டுது. உள்ளுக்க ஒரு பொட்டும் இல்லை."

"அப்ப ஏன் சொரசொரக்குது?"

"கறள். தண்ணி பட்டுப் பிடிச்ச துரு."

அவர் மெல்லிய கல்லால் கறளை எடுத்தார், எண்ணெய் விட்டார், பூட்டினார். விசையில் ஒரு எடைக்கட்டியைக் கொழுவித் தூக்கிப் பார்த்தார். சரியாகத் தாங்கியது. ரிஷானி வெறும் பிஸ்டலை இழுத்துப் பார்த்தாள். நெய்யில் விரல் வைத்த மாதிரி விசை வழுக்கிக்கொண்டு போனது.

"ஞாயிற்றுக்கிழமை இவதான் சுடுவா," என்றார் ஷ்டைனர், வேறு வழியில்லாமல்.

பத்மினி மகளின் கையைப் பிடித்தாள். மகளும் விடவில்லை.

கிழவர் கையைத் துடைத்தபடி கேட்டார்: "ஷ்டைனர், உன்ர கிளப்பில இருந்து வாற பிஸ்டல் எல்லாத்திலயும் இந்தக் கறள்தான். சுட்டு முடிய எல்லாரும் அதுகளை மேசையில வைச்சிட்டுக் கோப்பி குடிக்கப் போவினமாம். அந்த நேரம் ஆரப்பா தண்ணி ஊத்திறது?"

ஷ்டைனரின் சிரிப்பு நின்றது. காது இரண்டும் சிவந்தன. தெருவில் யாரும் வருகிறார்களோ என்று பார்த்துவிட்டு, கோட்டுப் பைக்குள் இருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தலை எடுத்தார். மாதாவின் உருவத்தில் போத்தல். கிரீடம்தான் மூடி.

"ஐன்சீடல்ன் மாதா கோயில் தீர்த்தம்," என்றார் மெதுவாக. "எல்லாரின்ர பிஸ்டலுக்கும் ஒரு சொட்டுத்தான் விடுறனான். இந்தப் பிள்ளை எப்பிடியும் வெல்லவேணும் எண்டு, இவவின்ரைக்கு மட்டும் மூடி நிறைய விட்டிட்டன்."