கிராணியார் வண்டியின் நடுக்கம்

"கிராணியாரே, இன்னிக்கு உங்க வண்டியை நான் விடறதா இல்லே. இறங்குங்க!"

நடுச்சாலையில் கையை விரித்துக்கொண்டு நின்றார் நசீருதீன். பிரிக்பீல்ட்ஸில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். அவர் மறித்த பழைய மோட்டார் சைக்கிளில் இருந்தவர் சபாபதி. செந்தூல் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை. நின்ற பிறகும் வண்டி குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"என் வண்டி மேல உங்களுக்கு என்ன பாய் கோபம்?"

"கோபம் இல்லே, மானம்! இதை உங்களுக்கு வாங்கிக் கொடுத்தது நான். 'நசீர் பாய் பட்டறை வண்டி ஆடற ஆட்டத்தைப் பாரு'ன்னு ஊரே சிரிக்குது. டெங்கில் தோட்டத்துத் துரை நாலு லோரியை என் பொறுப்புல விடலாமான்னு பார்க்க திங்கட்கிழமை வர்றார். வர்ற வழியில இதைப் பார்த்தார்னா என் பிழைப்பு போச்சு!"

"எனக்குப் பழகிடுச்சு பாய். ஆடறது ஆடட்டும்."

"ஓட்டுற லட்சணம் அப்படி! டாப் கியரைப் போட்டுக்கிட்டு நடைவேகத்துல போனா இஞ்சின் திணறும். திணறினா உதறும். அதுவும் தினம் விடிஞ்சும் விடியாமலும் குவார்ட்டர்ஸைச் சுத்திச் சுத்தி வர்றீங்களாமே, எதுக்கு?"

"காலைக் காத்து உடம்புக்கு நல்லது பாய்."

சபாபதிக்குப் பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். ஆனால் இன்னொருவர் பிழைப்பில் மண் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் அவருக்கு வராது. பெருமூச்சு விட்டு இறங்கினார். பின்னால் கட்டியிருந்த மூடி போட்ட தகர டின்னை அவிழ்த்து, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

நசீருதீன் அன்று முழுவதும் வேறு வேலையைத் தொடவில்லை. இஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளை இறுக்கினார். அடியில் கெட்டி ரப்பர் வைத்தார். சாயங்காலம் சபாபதி வந்ததும் இஞ்சினை ஓடவிட்டு, பெட்ரோல் டாங்கின் மேல் நிறைந்த தேத்தண்ணீர்க் கிளாஸை வைத்துக் காட்டினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை!

"இனிமே மெதுவாப் போனா ரெண்டாம் கியர்தான். சத்தியம் பண்ணுங்க."

சபாபதி எதையோ பறிகொடுத்தவர்போல் அந்தக் கிளாஸைப் பார்த்தபடி சத்தியம் செய்தார். ஓசியில் வேலை செய்து கொடுத்தும் ஒரு நன்றி இல்லையே என்று நசீருதீனுக்கு மனத்தாங்கல்தான்.

துரை வந்தார். பட்டறையைப் பார்த்தார். நாலு லோரியும் நசீருதீனுக்கே என்று ஆயிற்று.

மறு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்தச் சந்தோஷத்தோடு சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்ன காத்தூன், வெறுஞ்சோறு? நெய்ச்சோறு ஆக்குன்னு காலையிலேயே சொன்னேனே!"

"வெண்ணெய் இல்லாம நெய்க்கு எங்கே போவேன்?" என்றாள் காத்தூன் பீவி. "பாசார்க் கடை நெய்யைத்தான் நீங்க கையால தொட மாட்டீங்களே. நமக்கு வழக்கமாக் கொடுக்கிற பவுனம்மா அக்கா ஒரு வாரமா வெண்ணெயே எடுக்கலே."

"ஏனாம்?"

"போன வருஷம் வழுக்கி விழுந்து அவங்களுக்குத் தோள் பிசகிடுச்சு. மத்து பிடிக்க முடியலே. வெண்ணெய் கொடுத்த வீட்டுக்கெல்லாம் இல்லேன்னு சொல்லிட்டு மூலையில உட்கார்ந்துட்டாங்க. அப்புறம் அவங்க வீட்டுக்காரர்தான் ஏதோ மிஷின் ஏற்பாடு பண்ணிக் கொடுத்தாராம். அதுக்கப்புறம்தான் அக்கா முகத்துல சிரிப்பே வந்துச்சு."

"சரி, இப்ப என்ன?"

"நல்லா ஓடிக்கிட்டிருந்த மிஷினை எவனோ ரிப்பேர் பண்றேன்னு கெடுத்துட்டானாம். நேத்து என்கிட்ட சொல்லி அழுதுட்டாங்க."

நசீருதீனுக்குப் பசியோடு ரோஷமும் சேர்ந்துகொண்டது.

"எந்த மடப்பயல் அவன்? தெரியாத வேலையில கையை வைக்கலாமா? ரிப்பேர்க்காரன் பேரையே கெடுக்கிறானுங்க! அவங்க வீடு எங்கேன்னு சொல்லு. நானே போய்ச் சரி பண்ணிக் கொடுத்துட்டு வரேன்."

"சோறு ஆறிடும்லா!"

"ஆறட்டும்!"

ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, காத்தூன் சொன்ன அடையாளத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸின் கடைசி வீட்டுக் கதவைத் தட்டினார். வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் கதவைத் திறந்தாள் ஓர் அம்மாள்.

"நான் காத்தூன் வீட்டுக்காரர், தங்கச்சி. கவலையை விடுங்க. நான் கை வச்ச மிஷின் எதுவும் ஓடாமப் போனதில்லே. வெண்ணெய் கடையற மிஷின் எங்கே?"

பவுனம்மாளின் முகம் மலர்ந்தது. வீட்டுப் பக்கவாட்டுக் கொட்டகையைக் காட்டினாள்.

"அதோ நிக்குதே அண்ணே, அதுதான். பின்னால தயிர் டின்னைக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்காரர் விடிகாலையில நாலு சுத்து வந்தாப் போதும், வெண்ணெய் திரண்டு மிதக்கும். இப்ப பாருங்க, தயிர் தயிராவே திரும்பி வருது!"

கொட்டகையில், துளி நடுக்கமில்லாத மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த சபாபதி திடுக்கிட்டு எழுந்தார்.

நசீருதீன் கொட்டகைக்குள் போனார். பெட்டியைத் திறந்து, தான் இறுக்கிய போல்ட்டுகளைத் தன் கையாலேயே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுச் சொன்னார்:

"கிராணியாரே, நாளையிலேருந்து டாப் கியரை விட்டு இறங்கினீங்க... அப்புறம் நடக்கிறதே வேற!"