பிள்ளை பெற்றவளுக்கு ஒரு வாளி வெந்நீர்

எதிரிகளின் உணர்கருவிகள் சூட்டைத்தான் தேடும். அதனால் முற்றுகையிடப்பட்ட நிலவுக்கு மருந்து ஏற்றிச் சென்ற அந்தச் சின்ன விண்கப்பலில் எந்திரம், அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் மிதந்தார்கள்.

வழியிலேயே பிள்ளை பெற்றிருந்த பொன்னரசிக்குக் குளிரில் பல் கிட்டியது. குளிப்பதற்காகத் தலையில் எண்ணெய் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"பச்சை உடம்புக்காரிக்கு ஜில்லுத் தண்ணியா ஊத்துறது?" என்று அவள் கணவன் செழியன், கப்பலை ஓட்டிய தன் அக்கா நிறைமதியிடம் கேட்டான்.

"வெந்நீர் வச்சா அவங்க கண்ணுல பட்டுருவோம்டா. அப்புறம் மருந்தும் போச்சு, நாமளும் ஜெயில்தான்."

"ஒரு வாளிதான்க்கா."

செழியன் அடுப்பைப் போட்டான். நிறைமதி தடுக்கவில்லை.

வாளியில் ஆவி பறக்கத் தொடங்கியபோது ஒலிபெருக்கி கரகரத்தது.

"பார்த்துட்டோம், கதவைத் திறங்க" என்றது எதிரிக் கப்பலிலிருந்து ஒரு பெண்குரல். "ஒளியத் தெரியாத ஆளுங்களா இருக்கீங்களே. என்னத்த அங்க கொதிக்க வைக்கிறீங்க?"

"பிள்ளை பெத்தவளுக்கு வெந்நீர்" என்றான் செழியன்.

"ஊத்தியாச்சா?"

"இன்னும் இல்லைங்க."

"நிதானமா ஊத்துங்க. தலை நல்லாக் காயட்டும், அப்புறம் திறந்தா போதும். உங்களைப் பிடிச்சிட்டுப் போறதுல மாத்தமில்லை. அதுவரைக்கும் வெளியவே நிக்கிறோம்."

செழியன் கையை விட்டுச் சூடு பார்த்து, முதல் செம்பை மனைவியின் தோளில் ஊற்றினான். நிறைமதி எழுந்து போய்க் கப்பலின் அத்தனை ஹீட்டர்களையும் போட்டுவிட்டாள்.