எண்ணூறு கிலோமீட்டர் டீ

"என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று நோயல் தழுதழுத்த குரலில் கேட்டதும், வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மெர்வ் தன் நரைத்த தாடியைச் சொறிந்துகொண்டார்.

"பழைய டிராக்டருக்கு விலை கேக்கற மாதிரி இருக்குடா மாப்ளே. நான் ரேலீனா இருந்தா, விக்கறதுக்கில்லைன்னு சொல்லிடுவேன்."

அறுபதை நெருங்கும் இந்த இரண்டு நண்பர்களும் வருடம் தவறாமல் கூடாரம், தூண்டில், சுருட்டுப் படுக்கை சகிதம் காட்டுப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். நெடுஞ்சாலையில் ரேலீன் நடத்தும் ரோட்ஹவுஸில் வண்டிக்கு டீசலும் தங்களுக்குச் சாஸேஜ் ரோலும் போட்டுக்கொள்வார்கள். ரேலீனும் தனிக்கட்டை, நோயலும் தனிக்கட்டை. ஒவ்வொரு முறையும் எதையோ கேட்பதற்காக நோயல் வாயைத் திறப்பார். வெளியே வருவது "ஒரு டீ" மட்டும்தான்.

இனி அதற்கும் வழியில்லை. ரேலீன் கடையை விற்றுவிட்டார். இந்த வெள்ளிக்கிழமை கடல் தாண்டி ஹோபார்ட்டில் இருக்கும் தங்கையோடு போய்ச் சேர்ந்துகொள்கிறார். இன்றைக்குக் கேட்டால்தான் உண்டு.

"இன்னொரு தடவை சொல்லிப் பாரு," என்றார் மெர்வ்.

நோயல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரேலீன், எங்கிட்ட கூரை மாத்தின வீடு இருக்கு. மழைத்தண்ணித் தொட்டி ரெண்டு இருக்கு. நாய் கடிக்காது."

"என்ன, வீட்டை வாடகைக்கு விடறியா?"

நோயலுக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்ற ரேடியோவின் ஒலியைக் கூட்டினார். அந்தப் பாதையில் போகிற வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ரேடியோ அது. லாரிக்காரர்களின் வம்பு ஓயாத அந்தப் பெட்டி இன்று காலையிலிருந்து மூச்சே விடவில்லை. பொத்தானை அழுத்திப் பேசும் அதன் மைக், இருவருக்கும் நடுவே திணித்து வைத்திருந்த படுக்கைச் சுருட்டுக்கு அடியில் எங்கோ நசுங்கிக் கிடந்தது.

"எல்லாருக்கும் திடீர்னு நாகரிகம் வந்துடுச்சு போல," என்றார் மெர்வ்.

எதிரே மூன்று பெட்டிகளைக் கோத்த நீள லாரி ஒன்று வந்தது. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் இந்தப் பக்கத்தில் அதுவே பெரிய வணக்கம். இந்த ஓட்டுநரோ ஹாரனை நீளமாக அடித்து, கட்டைவிரலை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போனார்.

"மரியாதை தெரிஞ்ச மனுஷன். சரி, கடைசியா ஒரு தடவை. மனசுல இருக்கறதைச் சொல்லித் தொலை."

நோயல் வெளியே செம்மண்ணைப் பார்த்தபடி பேசினார். "ரேலீன், கேம்ப் போறேன்னு சொல்றதெல்லாம் பொய். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. கூடாரத்துல படுத்தா முதுகு பிடிச்சுக்கும். உங்க கையால ஒரு டீ வாங்கிக் குடிக்கத்தான் எண்ணூறு கிலோமீட்டர் வர்றேன். நீங்க போயிட்டா, நான் எங்க போறதுன்னு தெரியல."

மெர்வ் வண்டியின் வேகத்தைக் குறைத்து அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ இத்தனை வருஷமா என் முதுகு போனதும் இந்த டீக்குத்தானா?"

ரோட்ஹவுஸ் வந்தது. மெர்வ் முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது என்று அவரை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு, நோயல் மட்டும் உள்ளே போனார்.

மேஜைகளில் இருந்த லாரிக்காரர்கள் அத்தனை பேரும் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள். ஒரு தடித்த ஆள் தொப்பியைக்கூடக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிரதமரே வந்தாலும் தொப்பியைக் கழற்றாத கூட்டம் அது. ஆனால் நோயல் இருந்த பதற்றத்தில் அவருக்குக் கல்லாவுக்குப் பின்னால் நின்ற ரேலீனைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

வாயைத் திறந்தார்.

"ஒரு டீ."

கடை முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. ரேலீன் கெட்டில் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

அப்போது அவருக்குப் பின்னால் அலமாரியில் இருந்த, வண்டிகளின் பேச்சைக் கேட்கிற ரேடியோ கரகரத்தது. மெர்வின் குரல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி தெளிவாக வந்தது: "இந்நேரம் டீதான் கேட்டிருப்பான், தொடைநடுங்கி. இவனுக்குப் பயிற்சி குடுத்த நேரத்துக்கு ஒரு கங்காருவுக்குப் பேசக் கத்துக் குடுத்திருக்கலாம்."

நோயலுக்குக் காது நுனி வரை சிவந்தது. திரும்பி ஓடக் கதவைத் தேடினார். தொப்பியைக் கழற்றிய ஆள் எழுந்து போய் அதில் சாய்ந்து நின்றுகொண்டார்.

ரேலீன் கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவைச் சுற்றி வந்து, நோயலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணாவதா சொன்னதுதான் நல்லா இருந்துச்சு. அதையே சொல்லுங்க."